கரைந்த எடை

தேசிங்கு தினமும் ஐந்தரைக்கு வருவான்.
நெல்லிக்குப்பத்தில் கரும்புச்சாறுக் கடை.
இரண்டு கட்டி ஐஸ், ஒரு கோணி, ஒரு பழைய டிவிஎஸ் ஃபிப்டி.
கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியில்
எடை போட்டுச் சீட்டுக் கிழிக்கிறவன் நான்.

மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலை
கட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்:
"அலையே வரலைண்ணே.
கடலுக்கு அடியில குண்டு போட்டுப் பாத்திருக்கானுங்க.
அத மறைக்கத்தான் மத்த கதையெல்லாம்."

நான் தேவனாம்பட்டினம்,
அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருந்தேன் என்றேன்.

"இருந்தவங்க சொல்றதுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே.
நீங்க மூணு அலைங்கிறீங்க,
உங்க சித்தப்பா மகன் ரெண்டுங்கிறான்.
ஒருத்தர் தண்ணி கறுப்புங்கிறார், ஒருத்தர் சாம்பலுங்கிறார்.
கடல் உள்வாங்குச்சான்னு கேட்டா
ஒரே தெருவுல ரெண்டு பதில்."

உண்மைதான்.
எங்களுக்குள்ளேயே பேசித் தீராத கணக்கு அது.
அவன் பள்ளிக்கூட மாடியில் நின்றான்,
நான் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
மாடிக்கு இரண்டாகத் தெரிந்தது
மரத்துக்கு எப்படி மூன்றானது?
ஒருவேளை திரும்பிப் போகும்போதும் ஒருமுறை அடித்திருக்கும்.
அடித்ததை எல்லாம் எண்ணியிருக்கிறேன்,
வந்ததா போனதா என்று பார்க்காமல்.

தேசிங்கு செல்லை எடுத்தான்.
பேப்பரில் வந்த பழைய படம் ஒன்று.
"உயிருக்கு ஓடுற பொம்பள
குக்கர் மூடியத் தூக்கிட்டு ஓடுவாளா?
குக்கர எடுத்தாலும் ஒரு நியாயம் இருக்கு.
வெறும் மூடி!
கையில குடுத்து ஓடச் சொல்லியிருக்கான்."
விரலால் விரித்து விசிலைக் காட்டினான்.

அது விருதாம்பாள் அண்ணி என்று நான் சொல்லவில்லை.
சொன்னால் வீடு எங்கே என்று கேட்பான்.

"நிவாரணத்துல பொய் சொல்லலையா உங்க ஆளுங்க?"
சொன்னார்கள்.
எங்கள் தெரு வடிவழகன்
வாங்கவே வாங்காத ஃபைபர் படகுக்குப் பணம் வாங்கினான்.
படகு பொய்.
அவன் மகள் பொய்யில்லை.
பாவாடையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன், நான்தான்.
இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.
குரல் உயர்ந்ததையும் அவன் குறித்துக்கொண்டான்.

வெயில் ஏறியிருந்தது.
கோணியிலிருந்து ஒரு கோடு ஒழுகி
அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது.
புறப்படும்போது அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"கட்டி சின்னதா இருக்கேண்ணே. எடை சரியாத்தான் போட்டீங்களா?"
சீட்டைக் காட்டினேன்.
"சீட்டு நீங்க எழுதுனதுதான?"
"கரைஞ்சிருச்சு தம்பி. இங்கயேதான நின்ன நீ?"
"நின்னேன். நான் எங்க பாத்தேன்,
உங்ககிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தேன்."

கால் கட்டி உடைத்துச் சும்மா போட்டுவிட்டேன்.
ஜெயித்தவன் மாதிரி ஹாரன் அடித்துப் போனான்.
நாளைக்கு நெல்லிக்குப்பத்தில்
ஐஸ் கம்பெனிக்காரரே ஒத்துக்கிட்டார் என்று
அந்தக் கால் கட்டி சாட்சி சொல்லும்.

ராத்திரி அண்ணி வீட்டில் சாப்பிட்டேன்.
அந்த மூடி இன்னும் இருக்கிறது,
பூனைக்குப் பயந்து குழம்புச் சட்டியின்மேல்.
சரியாகப் பொருந்தாது, ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.
ஏன் எடுத்தாய் என்று ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது.
தெரியாது என்பதைத் தவிர
அவளிடம் வேறு பதில் இருந்ததில்லை.

நான் அதைக் கேட்கவில்லை.
"எத்தன அலை அண்ணி?"
"யாரு கேக்குறா?"
"யாருமில்ல. நான்தான்."

அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டி வைத்தாள்.
இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான்.
அப்புறம் நான் பாக்கல."